ஸ்லீப்பிங் டாக்ஸ் பிஎஸ்4 டிஸ்க் வடசென்னையில் எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, 2012இல் வந்த ஸ்லீப்பிங் டாக்ஸ் வீடியோ கேமின் டெஃபினிட்டிவ் எடிஷன் (மெருகேற்றிய பதிப்பு) பிஎஸ்4க்கு, அதாவது ப்ளேஸ்டேஷன் 4க்கு வேண்டும், பழைய டிஸ்க்கானாலும் பரவாயில்லை. பர்மா பஜாரில் கேட்டால் எல்லாரும் ஆடுகிற ஜிடிஏ என்ற கேமைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

தம்பிக்காகத் தேடுகிறேன், நான் லேப்டாப்பிலேயே முடித்துவிட்டேன். ஹாங்காங்கில் ட்ரையட் கும்பலுக்குள் ரகசியமாக நுழையும் போலீஸ்காரன் வெய் ஷென் கதை. இதன் உயிரே கைச்சண்டைதான்: அடிக்க வருபவன் சிவப்பாக மின்னும்போது கவுன்ட்டர் (எதிரடி) பட்டனைத் தட்டணும், அப்புறம் அவனைப் பிடித்து இழுத்துப்போய் குப்பைத்தொட்டிக்குள் தள்ளலாம், டெலிபோன் பூத்தில் மோதலாம், அங்கே கண்ணில் படுவதெல்லாம் ஆயுதம். ராயபுரம் பக்கம் பாக்ஸிங் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகாது. ஊரில் ஒளித்துவைத்திருக்கும் ஜேட் சிலைகளைக் கண்டுபிடித்து சண்டை சொல்லித்தரும் மாஸ்டரிடம் கொடுத்தால் புது அடிகளும் கற்றுத்தருவார். ஓடும் வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குத் தாவுவது செம.

குறையும் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டை சுமார்தான், கார் பொம்மை வண்டி மாதிரி திரும்பும், பக்கவேலைகள் கொஞ்ச நேரத்தில் ஒரே மாதிரி ஆகிவிடும். இரண்டாம் பாகம் வரவே இல்லை, தயாரித்த யுனைடெட் ஃப்ரன்ட் கேம்ஸையே 2016இல் மூடிவிட்டார்கள். ஜிடிஏ பேசுகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு இதன் பேர்கூடத் தெரியாது!

சரி, பிஎஸ்4இல் ஆடியவர்கள் சொல்லுங்கள், கூட்டமாக அடிக்க வரும்போது படம் திணறுகிறதா? தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் யாராவது டிஸ்க் விற்கிறீர்களா, எவ்வளவு?