இங்கிலாந்துக் கிராமத்தில் வீடு வாங்குமுன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக லெஸ்டர் நகரில் வசித்துவரும் நாங்கள், ஷ்ராப்ஷயரில் ஒரு சிறிய கிராமத்தில் வீடு பார்த்திருக்கிறோம். என் வேலையைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் எனக்குத் தூரம் ஒரு தடையில்லை. ஆனால் எங்களுடன் ஏழு வயது மகளும், கார் ஓட்டத் தெரியாத என் மாமியாரும் இருக்கிறார்கள். ஊரில் பழைய தேவாலயம், ஒரு பப், ஒரு தொடக்கப் பள்ளி ஆகியவை உள்ளன. கடை கிடையாது, அஞ்சலகத்தை மூடி நெடுங்காலம் ஆகிறது.

முன்பணம் கட்டுவதற்குள் எந்தெந்த வசதிகளைப் பற்றி விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது என் முதல் கேள்வி. குடியேறப் போகும் ஊரின் கதையை முன்கூட்டியே அறிந்துகொள்ள என் மனைவி மிகவும் விரும்புகிறார். அதை எங்கிருந்து தொடங்குவது என்பது இரண்டாவது. கிராமங்களில் வாழ்ந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவர்களாவோம்.

முதல் மறுமொழி

வணக்கம். நான் நார்ஃபக்கில் ஒரு கிராமத்தில் வசிப்பவன். நகரத்து வீட்டில் நாம் எண்ணிப் பார்க்கவே தேவையில்லாத மூன்று விஷயங்களை அங்கே முதலில் கேளுங்கள்: வீடு எதனால் சூடாகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, இணையம் எந்த வழியாக வருகிறது.

பல கிராமங்களுக்கு எரிவாயுக் குழாய் வருவதில்லை. தோட்டத்து மூலையில் பச்சை நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி இருந்தால், அந்த வீடு எண்ணெயால் சூடாகிறது என்று பொருள். லாரியில் வரும் எண்ணெயைப் பொதுவாக 500 லிட்டருக்குக் குறைத்துத் தரமாட்டார்கள் என்பதால், ஒரே தடவையில் பெரிய தொகை கையை விட்டுப் போகும். ஊரார் சேர்ந்து மொத்தமாக வாங்கும் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். பல ஊர்களில் உண்டு, விலையும் குறையும். தொட்டி எந்த ஆண்டு வைக்கப்பட்டது, அடியில் விரிசல் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கழிவுநீர் செப்டிக் டேங்கில் விழுகிறது என்றால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓடைக்கோ ஆற்றுக்கோ நேரடியாக வடியும் செப்டிக் டேங்குகளை 2020 ஜனவரி 1-க்குள் மாற்றியிருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் விதி. விற்பவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். ஆகவே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி, எழுத்து மூலமான பதிலை வாங்கிவிடுங்கள். வீடு பட்டியலிடப்பட்ட கட்டடமா, அதாவது வரலாற்று மதிப்புக்காகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றதா என்பதையும் அவரே பார்த்துச் சொல்வார். முன்னவர் அனுமதியின்றிச் சன்னலை மாற்றியிருந்தால், அதைச் சரிசெய்யும்படி இன்றைய உரிமையாளருக்குத்தான் அறிவிப்பு வரும்.

பள்ளியைப் பொறுத்தவரை, அருகிலுள்ள தகுந்த பள்ளி எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 2 மைலுக்கு மேலும், எட்டு வயது முதல் 3 மைலுக்கு மேலும் தொலைவில் இருந்தால் கவுன்சில் இலவசப் போக்குவரத்து தர வேண்டும். இப்போது ஊரிலேயே பள்ளி இருக்கிறது என்றாலும், உங்கள் மகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும்போது இது மிகவும் முக்கியமாகிவிடும். சிறிய பள்ளியில் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் படிப்பது இயல்பு. அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆனால் மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருகிறதா என்று தலைமையாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பப்பை நான் வசதிக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அது இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

இரண்டாம் மறுமொழி

உங்கள் மனைவியின் ஆவல் என்னை மிகவும் மகிழ்வித்தது. ஷ்ராப்ஷயரின் ஊர் வரலாறுகளை விரும்பித் தேடிப் படிப்பவள் நான். 1086-இல் முதலாம் வில்லியம் மன்னர் எடுக்கச் செய்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் தொடங்குங்கள். 13,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் உள்ளன. 1066-இல் நிலம் யாரிடம் இருந்தது, இருபது ஆண்டுகளில் யார் கைக்கு மாறியது, எத்தனை ஏர், ஆலை உண்டா, காடு எவ்வளவு, மதிப்பு என்ன என்று ஒவ்வோர் ஊருக்கும் சில வரிகள் இருக்கும். ஷ்ராப்ஷயரின் பெரும்பகுதி அப்போது ரோஜர் தெ மான்ட்கோமரி என்ற பிரபுவின் கையில் இருந்தது. வேல்ஸ் எல்லையை ஒட்டிய பல ஊர்கள் பாழ்நிலம் என்றே பதிவாகியிருப்பதைக் காணும்போது, இன்று இவ்வளவு அமைதியாகத் தோன்றும் இந்த மண் அன்று போர்முனையாக இருந்தது புரியும்.

அடுத்து ஷ்ரூஸ்பரியில் இருக்கும் கவுன்டி ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி 1538 முதல் ஒவ்வொரு பாரிஷும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்துவைக்க வேண்டியிருந்தது. எல்லா ஊர்களிலும் தொடக்க ஏடுகள் தப்பிப் பிழைக்கவில்லை என்றாலும், கிடைப்பவற்றில் ஒரே குடும்பப் பெயர் மூன்று நூற்றாண்டுகளுக்குத் தொடர்வதைப் பார்க்கலாம்.

ஆனால் நீங்கள் வாங்கப்போகும் வீட்டை ஊரின் கதையோடு இணைத்துக் காட்டுவது 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வரையப்பட்ட தசமபாக வரைபடம்தான். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தரும் பழைய கடமையைப் பணமாக மாற்றுவதற்காக ஒவ்வொரு வயலையும் அளந்து எண்ணிட்டார்கள். அந்த எண்ணுக்கு நேரே உரிமையாளர், பயிரிடுபவர், வயலின் பெயர், அது உழுநிலமா புல்வெளியா என்பது எல்லாம் எழுதப்பட்டிருக்கும். உங்கள் தோட்டத்தின் எல்லை அதிலேயே இருந்தாலும் வியப்பதற்கில்லை.

ஷ்ராப்ஷயருக்கே உரிய ஒரு செல்வத்தையும் சொல்லியாக வேண்டும். மிடில் என்ற ஊரில் வாழ்ந்த ரிச்சர்டு கஃப் என்பவர், 1701-ஆம் ஆண்டை ஒட்டி, தேவாலயத்தில் எந்த இருக்கையில் எந்தக் குடும்பம் அமரும் என்ற வரிசையையே அடிப்படையாகக் கொண்டு தம் ஊராரின் கதையை எழுதிவைத்தார். யார் குடித்தே சொத்தை அழித்தார், யாருடைய மகன் உள்நாட்டுப் போருக்குப் போய்த் திரும்பவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சாதாரண மக்களைப் பற்றி அந்தக் காலத்தில் இவ்வளவு நெருக்கமாக எழுதியவர்கள் மிகக் குறைவு. உங்கள் ஊர் அதுவாக இல்லாவிட்டாலும், அந்நாளைய ஷ்ராப்ஷயர் கிராமம் எப்படி வாழ்ந்தது என்பதை அறிய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குப் போகும்போது மாலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் புல்வெளிகளைப் பாருங்கள். நீளநீளமான மேடும் பள்ளமும் தென்பட்டால், அவை பெரும்பாலும் வேலியடைப்புக்கு (பொது வயல்களைப் பிரித்துத் தனியார் நிலங்களாக வேலியிட்டதற்கு) முன்பு ஊரார் பொது வயலில் தத்தம் பட்டைகளை உழுத தடங்கள். நாட்டிங்ஹம்ஷயரின் லாக்ஸ்டன் கிராமத்தில் அந்தத் திறந்த வயல் முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

மூன்றாம் மறுமொழி

முதலில் எழுதிய நண்பரின் அறிவுரை முழுவதும் பயனுள்ளது. ஆனால் பப்பைப் பற்றிய அவருடைய கருத்தை நான் ஏற்கவில்லை. டோர்செட்டில் எங்கள் ஊர்க் கடையை நடத்தும் குழுவில் நானும் ஒருவன். எந்த வசதி இருக்கிறது என்பதோடு, அதை யார் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1963-இல் வெளியான பீச்சிங் அறிக்கை 2,000-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. அதன்பின் நாட்டுப்புறங்களில் ரயில் போயிற்று; காலப்போக்கில் பேருந்து குறைந்தது, அஞ்சலகமும் கடையும் மூடப்பட்டன. எஞ்சியிருப்பவற்றில் பல, ஊரார் தாங்களே பொறுப்பேற்றதால் எஞ்சியவை.

கம்பிரியாவின் ஹெஸ்கட் நியூமார்க்கெட்டில் ஊரார் கூட்டுறவாகச் சேர்ந்து 2003-இல் தங்கள் பப்பை வாங்கினார்கள். 2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் ஒரு பப்பையோ கடையையோ சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதிவுசெய்யச் சொல்லி ஊரார் கவுன்சிலிடம் கேட்கலாம். பதிந்துவிட்டால், உரிமையாளர் விற்க முன்வரும்போது, வாங்க விரும்பும் ஊர்க் குழுவுக்குப் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. லங்காஷயரின் வடபகுதியில் ஊரார் தம் வயல்களில் தாமே பள்ளம் தோண்டி இணைய இழைகளைப் பதித்திருக்கிறார்கள். இத்தகைய ஊரில் இன்று ஒரு வசதி குறைந்தாலும் நாளை அது திரும்பி வரக்கூடும்.

இதை அறிய எளிய வழி அறிவிப்புப் பலகைதான். கிராம அளவிலான உள்ளாட்சி அமைப்புகளான பாரிஷ் மன்றங்கள் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியவை; அவற்றின் கூட்டங்களுக்கு யாரும் போய் உட்காரலாம், நிகழ்ச்சி நிரலைக் குறைந்தது மூன்று முழு நாள்களுக்கு முன்னதாக ஒட்ட வேண்டும். பலகையில் இந்த மாதத் தாள் இருக்கிறதா, கிராம மண்டபத்தில் வாரத்தின் எத்தனை மாலைகள் நிரம்பியிருக்கின்றன, பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டு வெறுமனே துருப்பிடித்து நிற்கிறதா, அல்லது உள்ளே இதயத்தை மீட்கும் டீஃபிப்ரிலேட்டர் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கூண்டுகளை ஒரு பவுண்டுக்கு ஊர் மன்றங்களே வாங்கிக்கொள்ளலாம். பல ஊர்கள் அவற்றைச் சிறு நூலகங்களாகவும் ஆக்கியிருக்கின்றன.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாரிஷ் மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். மாமியாரைப் பற்றிய கவலைதான் இன்னும் தீரவில்லை. அவருக்கு எழுபது வயது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்.

முதல் மறுமொழி எழுதியவர்

ஐயா, அவருடைய வயதுக்குக் கட்டணமில்லாப் பேருந்து அட்டை கிடைக்கும். வார நாள்களில் காலை 9.30 முதல் இரவு 11 மணி வரையும், வார இறுதியில் நாள் முழுவதும் அது செல்லும். மருந்தகம் 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், மருந்து வழங்கும் உரிமையுள்ள மருத்துவமனையிலேயே மாத்திரைகளையும் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் பகுதி மருத்துவமனை அத்தகையதா என்று தொலைபேசியில் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். முதியவர்களைத் தம் காரில் அழைத்துச்செல்லும் தன்னார்வலர் குழு ஊரில் இருக்கிறதா என்பதை மன்றக் கூட்டத்திலேயே கேளுங்கள். பேருந்து அட்டவணையை நிறுத்தத்தில் நின்றே படியுங்கள். செவ்வாய், வெள்ளி மட்டும் என்று போட்டிருந்தால், மருத்துவரிடம் நேரம் கேட்கும்போது அந்த நாள்களையே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். திரும்பி வரும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.