சைலன்சருக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும், ஞாயிறு மாலைக்குள்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வாகனப் பணிமனை மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பத்து இயல்கள் முடிந்தன. பதினோராம் இயலில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆற்றல் மிகுந்த எஞ்சின் கொண்ட வண்டிக்கு, எஞ்சினின் மூச்சை அடைக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும் மஃப்ளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அந்த இயல். ஞாயிறு மாலை கோப்பு அச்சுக்குப் போகிறது.

மூலத்தில் மஃப்ளர், சைலன்சர் என இரண்டு சொற்களும் வருகின்றன. அமெரிக்கர் மஃப்ளர் என்பதைப் பிரிட்டிஷார் சைலன்சர் என்கிறார்கள். ஆனால் தமிழில் மஃப்ளர் என்றாலே கழுத்தில் சுற்றும் துணிதான். என் முதல் வரைவைப் படித்த மாணவி ஒருவர், "புகைக்குழாய்க்குத் துணி சுற்ற வேண்டுமா?" என்று கேட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எனக்கு வேண்டியவை: மஃப்ளருக்கு ஒரு பொதுப்பெயர், அதன் இரண்டு வகைகளுக்குப் பெயர்கள் (துளையிட்ட நேர்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்த வகை ஒன்று, உள்ளே தடுப்புச் சுவர்களும் அறைகளும் கொண்ட வகை மற்றொன்று), ரெசோனேட்டர் (ஒரே ஓர் ஓசையை மட்டும் குறிவைத்துக் குறைக்கும் குழாய்), நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது வண்டிக்குள் நிறைந்து தலைவலி தரும் அந்த ஆழ்ந்த ஒற்றை ஓசை. ஆங்கிலத்தில் அதை ட்ரோன் என்கிறார்கள். அப்படியே எழுதினால் பறக்கும் கருவி என்று எண்ணிவிடுவார்கள்.

இப்போதைக்கு "ஒலியடக்கி" என்று போட்டிருக்கிறேன். தொடரலாமா?

மடல் 2: தமிழாசிரியர், பணி நிறைவு

அன்புள்ள அம்மா,

ஒலியடக்கி வேண்டாம். "ஒலியடக்கி பொருத்தினான்" என்று எழுதினால், ஒலியை அடக்கிவிட்டுப் பிறகு எதையோ பொருத்தினான் என்று வினையெச்சமாகவும் படிக்க இடம் இருக்கிறது. கையேட்டில் ஒரு வரிகூட இருபொருள் படக்கூடாது.

மூலச்சொல்லைப் பாருங்கள். மஃப்ளர் என்பதன் வேர், கையை மூடும் தடித்த உறையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லோடு உறவுடையது. சுற்றிப் போர்த்துவது, பொதிவது என்பதே அதன் உட்பொருள். தங்கள் மாணவி துணி சுற்றுவதா என்று கேட்டதில் பிழையே இல்லை. சொல்லின் வேரை அவர் தொட்டுவிட்டார். தமிழில் பொதி என்னும் அருமையான வேர் இருக்கிறது: பொதி, பொதும்பு, பொத்து, பொத்தகம். "பொதிகுழல்" என்று வைக்கலாம். பொதிந்த குழல், பொதிகின்ற குழல், பொதியும் குழல் என முக்காலமும் விரியும் வினைத்தொகை. வினைத்தொகை ஆதலால் ககரம் இரட்டிக்காது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மடல் 3: மெய்ப்புத் திருத்துபவர்

> "ஒலியடக்கி பொருத்தினான்" என்று எழுதினால்... வினையெச்சமாகவும் படிக்க இடம்

ஐயா, மன்னிக்க வேண்டும், இடம் இல்லை. இகர ஈற்று வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும்: அடக்கிப் பொருத்தினான். இரண்டாம் வேற்றுமைத் தொகையில் மிகாது: துணி துவைத்தான், ஒலியடக்கி பொருத்தினான். ஒற்று இல்லையென்றால் அது பெயர்தான். மண்வெட்டி, நகவெட்டி, ஒலிபெருக்கி எல்லாம் இதே வாய்பாட்டில் காலங்காலமாக நடமாடுகின்றன.

மடல் 4: தமிழாசிரியர்

ஒற்றைச் சரியாகப் போடுகிறவர்களுக்கு அது பெயர். மற்றவர்களுக்கு?

மடல் 5: பணிமனைப் பயிற்றுநர்

வணக்கம். இருபது ஆண்டுகளாக இந்தப் பொருளைக் கையில் எடுத்துக் காட்டிக் கற்பிக்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கும் ஒலியடக்கி பிடிக்கவில்லை. ஆனால் என் காரணம் வேறு.

அடக்கு என்றவுடன் மாணவர் மனத்தில் தோன்றும் படம், வாயைப் பொத்துவது. குழாயைக் குறுக்கினால், புகை போகும் வழியை அடைத்தால் சத்தம் அடங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரிய எஞ்சினில் அதைச் செய்தால் என்ன ஆகும்? ஒரு சுழற்சியில் எரிந்த வாயு முழுவதும் வெளியேற முடியாமல் சிலிண்டரில் தங்கும். அடுத்த மூச்சுக்குக் காற்று குறையும். ஆற்றல் விழும், வெப்பம் ஏறும். அமைதியும் வராது.

சத்தத்தைக் குறைப்பது அடைப்பு அன்று, கொள்ளளவு. குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் அழுத்த அலை நுழையும்போது அதன் ஒரு பகுதி வந்த வழியே திரும்புகிறது. திரும்பிய அலையும் புதிதாக வரும் அலையும் எதிரெதிராகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்கின்றன. அறை வகை இப்படித்தான் வேலை செய்கிறது. தாழ்ந்த சுருதி ஓசையை இது நன்றாகப் பிடிக்கும். ஆனால் வாயு வளைந்து நெளிந்து போக வேண்டியிருப்பதால் தடை கூடும். இழை அடைத்த நேர்குழாய் வகையில் வாயு தடையின்றி நேராகப் போகிறது. ஓசை மட்டும் துளைகள் வழியே இழைக்குள் புகுந்து, உராய்ந்து, வெப்பமாகிவிடுகிறது. உயர்ந்த சுருதிக்கு இது நல்லது, தாழ்ந்த சுருதிக்குப் போதாது. நாளடைவில் இழை கருகிப் பறந்துவிட்டால் சத்தம் திரும்பிவிடும்.

ஆகவே ஆற்றல் மிகுந்த வண்டிக்கு அமைதி வேண்டுமென்றால் நான் சொல்வது: உடல் பெருத்த நேர்குழாய் வகையைத் தேர்ந்தெடுங்கள், இடம் இருந்தால் வெவ்வேறு நீளமுள்ள இரண்டைத் தொடராக வையுங்கள். ஒரே நீளமுள்ள இரண்டை வைத்தால், முதலாவது தவறவிட்ட அலைவரிசையையே இரண்டாவதும் தவறவிடும். மஃப்ளரின் வெளி ஓட்டுச் சுவர் மெல்லியதாக இருந்தால் அந்த ஓடே பறைபோல் அதிரும். இரட்டைச் சுவர் கேளுங்கள். இவற்றுக்கெல்லாம் முன், இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசிகிற குழாய்க்கு எவ்வளவு நல்ல மஃப்ளர் போட்டாலும் பயன் இல்லை.

இத்தனையும் "தணித்தல்" என்ற சொல்லில் இருக்கிறது. தீ தணிகிறது, தாகம் தணிகிறது. யாரும் எதையும் பொத்துவதில்லை. "ஒலிதணிப்பான்" என்று வையுங்கள் அம்மா.

மடல் 6: தமிழாசிரியர்

பயிற்றுநர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் தணிப்பான் என்பது படர்க்கை ஆண்பால் எதிர்கால வினைமுற்று. "அவன் தணிப்பான்."

மடல் 7: பணிமனைப் பயிற்றுநர்

கரும்பலகை அழிப்பானைப் பார்த்து "எவன் அழிப்பான்?" என்று யாரும் கேட்பதில்லை ஐயா.

மடல் 8: மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவர்

எல்லாருக்கும் வணக்கம். ஒன்று கேட்கிறேன், கோபம் வேண்டாம். பணிமனையில் எல்லாரும் சைலன்சர் என்றே சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மெக்கானிக்குக்கும் அது தெரியும். பஸ், டிக்கெட் போல அது தமிழாகிவிட்டது. கையேடு யாருக்காக?

மடல் 9: தமிழாசிரியர்

சைலன்சர் என்ற சொல் ஆங்கிலத்திலேயே குழப்பமானது. அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சினுக்கான மஃப்ளருக்குக் காப்புரிமை பெற்றது 1897இல். அதே நாட்டில் ஹைரம் பெர்சி மாக்சிம் துப்பாக்கிக்கான கருவிக்குக் காப்புரிமை பெற்றது 1909இல். அங்கே சைலன்சர் என்றால் முதலில் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். நம் செய்தித்தாள்களும் "சைலன்சர் பொருத்திய துப்பாக்கி" என்று எழுதுகின்றன. இரவல் வாங்கினால் குழப்பத்தையும் சேர்த்தே வாங்குகிறோம்.

இரவெல்லாம் எண்ணிப் பார்த்ததில் இன்னொன்று தோன்றியது: அரவம். ஓசைக்குப் பழைய சொல். ஆனால் பாம்பும் அரவம் என்பதால் "அரவமடக்கி" பிடாரனைக் குறிக்கும். விட்டுவிட்டேன். அதன் பிறகு ஆறு, ஆற்று. பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது. "ஒலியாற்றி"! குழாய் வழியே போகப் போகப் புகையின் சூடும் ஆறுகிறது, ஓசையும் ஆறுகிறது. ஒரே வினையில் இரண்டு உண்மைகள்.

மடல் 10: பணிமனைப் பயிற்றுநர்

இழை வகையில் ஓசை வெப்பமாகிறது ஐயா. ஆறுவதற்கு நேர் எதிர்.

மடல் 11: இயற்பியல் ஆசிரியர்

அந்த வெப்பம் மிகச் சிறியது. எஞ்சினின் ஒலி ஆற்றல், புகை சுமந்து செல்லும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் தமிழாசிரியர் பக்கம் நிற்கிறேன். ஆனால் ஒலியாற்றி வேண்டாம். ஆற்றல் மிகுந்த எஞ்சின் பற்றிய இயலில் ஆற்றி, ஆற்றல் என்று மாறி மாறி வந்தால் மாணவர் "ஒலி ஆற்றல்" என்றே படிப்பார்.

ரெசோனேட்டருக்கு வருகிறேன், ஒருவரும் தொடவில்லை. பெரும்பாலோர் "ஒத்ததிர்வி" என்பார்கள். இலங்கைப் பாடநூல்களில் ஒத்ததிர்வுக்குப் "பரிவு" என்று பெயர். பரிவுக்குழாய் என்று அங்குள்ள மாணவர்கள் இயல்பாகச் சொல்வார்கள். ஒன்றின் அதிர்வுக்கு மற்றொன்று பரிந்து அதிர்வது. இதைவிடச் சிறந்த கலைச்சொல்லை நான் கண்டதில்லை.

இது அழகுக்காகச் சொல்வது மட்டும் அன்று. ஒத்ததிர்வு ஓசையைப் பெருக்கும் என்று படித்த மாணவர், ஒத்ததிர்வி ஓசையைக் குறைக்கிறது என்றால் திகைப்பார். நான்கு வீச்சு, எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுழற்சியில் நான்கு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் அது நொடிக்கு ஏறத்தாழ 133 வெடிப்புகள், அதாவது 133 ஹெர்ட்ஸ். வண்டிக்குள் நிறைகிற ஓசை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. புகைக்குழாயில் ஒரு கிளை வைத்து அதன் முனையை மூடிவிட்டால், அலை உள்ளே போய் முட்டித் திரும்பும். கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு என்றால், திரும்பும் அலை அரை அலை பின்தங்கி வந்து முதன்மை அலையை அழிக்கும். 400 டிகிரி செல்சியஸ் வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 520 மீட்டர். கணக்கிட்டால் கிளை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கிளைக்குள் வாயு ஓடாமல் நிற்பதால் குளிர்ந்திருக்கும், ஒலியின் வேகமும் குறையும். ஆகவே அதைவிடக் குட்டையாகவே வேண்டும். நீளமாக வெட்டி, கேட்டுக் கேட்டுக் குறைக்க வேண்டும். ஒரே ஓர் ஓசைக்கு மட்டும் பரிந்து, அதைத் தன்னிடம் வாங்கிக்கொள்கிற குழாய். பரிவுக்குழாய் என்றால் பொருந்தவில்லையா?

மடல் 12: மொழிபெயர்ப்பாளர்

பரிவுக்குழாய் என்னை உலுக்கிவிட்டது. எடுத்துக்கொள்கிறேன். நன்றி ஐயா.

இன்று சனிக்கிழமை. பொதுப்பெயர் இன்னும் இல்லை. வெளியேறும் புகைக்குக் குழாயில் ஏற்படும் தடையால் எஞ்சின்மீது விழும் அழுத்தம் மூலத்தில் பேக் பிரஷர் என்று இருபத்தேழு இடங்களில் வருகிறது. அதற்குப் "பின்னழுத்தம்" என்று போட்டிருக்கிறேன், சரிதானே?

மடல் 13: பணிமனைப் பயிற்றுநர்

"எதிரழுத்தம்" என்று மாற்றுங்கள் அம்மா. அது பின்னால் இருப்பது அன்று, எதிர்த்து நிற்பது. எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் தேவை என்று ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. எதிரழுத்தம் இழப்பு மட்டுமே. வாயுவின் வேகம் விழாமல் இருக்கக் குழாயின் விட்டம் அளவாக இருக்க வேண்டும் என்பது வேறு செய்தி. பெயரே அந்தத் தவறைத் திருத்தட்டும்.

மடல் 14: தமிழாசிரியர்

வண்டிக்குள் நிறையும் ஓசைக்கு "முரல்" என்பேன். வண்டு முரலும், யாழ் முரலும். ஆங்கிலச் சொல்லுக்கும் ஆண் தேனீ என்ற பொருள் உண்டு. இரு மொழிகளும் ஒரே பூச்சியிடம் போய்க் கேட்டிருக்கின்றன. நாகசுரத்துக்குத் துணையாக விடாமல் ஒரே சுருதியை ஊதும் கருவிக்கு "ஒத்து" என்று பெயர். அதையும் எண்ணிப் பாருங்கள்.

மடல் 15: மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவர்

முரல் அழகு. ஆனால் வண்டின் ஓசை மெல்லியது. இது நெஞ்சில் இடிப்பது. "உள்முழக்கம்" என்றால் அகராதி இல்லாமலே புரியும்.

மடல் 16: குழு ஒருங்கிணைப்பாளர்

தனி மடல்களோடு சேர்த்து நாற்பது மடல்கள் ஆகிவிட்டன. எல்லாவற்றிலும் வந்த வாக்குகளை எண்ணினேன். ஒலிதணிப்பி 9, ஒலியடக்கி 6, சைலன்சர் 5, ஒலியாற்றி 1, பொதிகுழல் 1. தணிப்பான், தணிப்பி இரண்டில் பின்னதைத் தணிப்பானுக்காக வாதாடிய பயிற்றுநரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

மடல் 17: மொழிபெயர்ப்பாளர்

கோப்பை அனுப்பிவிட்டேன். இயலின் முதல் வரியில் "சைலன்சர் எனப்படும் ஒலிதணிப்பி", அதன் பிறகு எங்கும் ஒலிதணிப்பி. ஒலிபெருக்கியில் ஒற்று மிகாதது போலவே இதிலும் மிகவில்லை. இழை அடைத்த வகைக்குத் தமிழாசிரியர் ஐயாவின் பொதிகுழல். அந்த வகையில் உண்மையாகவே பொதி இருப்பதால் அங்கே அது அப்படியே பொருந்திவிட்டது. மற்றதற்கு அறைகுழல். பரிவுக்குழாய், எதிரழுத்தம், உள்முழக்கம். எல்லாருக்கும் என் நன்றி.

மடல் 18: தமிழாசிரியர்

அம்மா, அறைகுழல் மிக நன்று. அறை என்பது இடத்துக்கும் பெயர், அலை மோதுவதற்கும் வினை.

ஆனால் தணிப்பியை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. தணி என்பதே தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும்: தணிகிறது, தணிக்கிறது. அதன்மேல் பி சேர்த்தால் கற்பி, நடப்பி போலப் பிறரைக் கொண்டு தணிக்கச் செய்வது என்றாகிவிடும். தணிப்பு என்னும் தொழிற்பெயரோடு இகரம் சேர்ந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அப்படிக் கருவிப்பெயர் ஆன பழைய சொல் ஒன்றைக் காட்டுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் காட்ட முடியாவிட்டால், ஒலியாற்றியை மறுபடியும் எடுத்து வருவேன்.