எங்கள் சந்து குழு: லதா வீட்டு இடிபாடு

லதா, காலை 7:10
வணக்கம். நாளை முதல் எங்கள் பழைய வீட்டை இடிக்கிறோம். தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறேன். இடிபாட்டை அள்ள டிராக்டர்காரர் கூலி பேசிவிட்டார். எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டால் ஏரிக்கரை என்கிறார்.

சரோஜா அத்தை, 7:14
வேண்டவே வேண்டாம் லதா. வாய்க்காலில் இப்படிக் கொட்டிக் கொட்டித்தான் மழைக்கு நம் சந்தில் தண்ணீர் தேங்குகிறது.

முருகேசன் பெரியப்பா, 7:31
லதா, டிராக்டரை நிறுத்தி வை. இடிபாட்டைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது என்று 2016லேயே விதி வந்துவிட்டது. அதுவும் உன் வீட்டுத் தளக் கான்கிரீட் நல்ல சரக்கு. சந்துக்குப் பேவர் பிளாக் போடத்தானே எல்லாரும் பணம் சேர்க்கிறோம்? ஓமலூர் பக்கம் எனக்குத் தெரிந்த பட்டறையில் கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கும் சின்ன கிரஷர் இருக்கிறது. உன் கான்கிரீட்டையே உடைத்துப் பேவர் கல்லில் சேர்த்துவிடலாம்.

கார்த்திக், 7:35
பெரியப்பா, பழைய கான்கிரீட்டில் செய்த கல் தாங்குமா? பார்க்கிங்கில் போட்ட கல்லெல்லாம் ஓராண்டிலேயே மேல்தோல் உரிந்து கிடக்கிறதே.

முருகேசன் பெரியப்பா, 7:52
அது புது ஜல்லியில் செய்த கல்தான் தம்பி. சீமெண்டைக் குறைத்து, ஈரம் காட்டாமல் மூன்றாம் நாளே லாரியில் ஏற்றினால் எந்தக் கல்லும் உரியத்தான் உரியும். பழைய கான்கிரீட்டை முழுக்கவும் போடச் சொல்லவில்லை. பேவர் கல் மாதிரி கம்பி கட்டாத கான்கிரீட்டில், ஜல்லியில் 25 சதவீதம் வரை சேர்க்க ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதி இடம் கொடுக்கிறது. மீதிக்குப் புது ஜல்லியும் எம்-சாண்டும். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். உடைத்த ஜல்லியைக் கையில் எடுத்துப் பார், பழைய காரை சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது தண்ணீரை உறிஞ்சும். அப்படியே கலவையில் போட்டால் சீமெண்டுக்கு வேண்டிய தண்ணீரை அது குடித்துவிடும். முதல் நாளே நனைத்து வைத்து, மேல் ஈரம் வடிந்த பிறகு சேர்க்க வேண்டும்.

லதா, 7:58
செங்கல் சுவரும் நிறைய இருக்கிறதே பெரியப்பா?

முருகேசன் பெரியப்பா, 8:03
செங்கல்லைப் பேவர் கல்லுக்குள் விடாதே, அது பலம் குறைவு. இடித்துச் சந்தின் அடியில் நிரப்பிக் கெட்டிக்கலாம். முன் அறையில் ஜிப்சம் சீலிங் போட்டிருக்கிறாய் அல்லவா? அதை முதலில் கழற்றித் தனியாக வைக்கச் சொல். ஜிப்சம் கலந்தால் கான்கிரீட் உள்ளுக்குள் உப்பி வெடிக்கும். மரத்தூள், ஒயர், மண் எதுவும் சேரக் கூடாது. பிரிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

கார்த்திக், 8:10
பிளாஸ்டிக்கை உருக்கி மணலோடு கலந்து கல் செய்வதாக வீடியோவில் பார்த்தேன். நம் தெருக் குப்பையும் தீருமே?

முருகேசன் பெரியப்பா, 8:24
மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக்கில் சாலை போட்டுக் காட்டினார், 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் பிளாஸ்டிக்கை எரிக்கவில்லை. சூடான ஜல்லியின் மேல் தூவி உருகிப் படிய வைத்தார். சூட்டைக் கட்டுக்குள் வைக்கத் தெரிய வேண்டும். வீடியோவில் டிரம்முக்கு அடியில் விறகு எரிகிறது. அதில் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு விழுந்தால் நச்சுப்புகை. குழந்தைகள் இருக்கும் தெருவில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கழிவைச் சேர்க்க வேண்டுமானால் மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. சீமெண்டில் நான்கில் ஒரு பங்குக்கு அதைப் போடலாம்.

சரோஜா அத்தை, 8:29
சாம்பலைப் போட்டால் கல் பலமாகுமா தம்பி?

முருகேசன் பெரியப்பா, 8:37
ஆகும் அக்கா, ஆனால் மெதுவாக. சீமெண்டு இறுகும்போது சுண்ணாம்பு மிஞ்சும், சாம்பல் அதோடு சேர்ந்து மேலும் பிணைப்பு உண்டாக்கும். அதனால் ஈரம் காய விடக் கூடாது. சாக்கு போர்த்தி 28 நாள் நான் நேரில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

லதா, 8:41
எத்தனை மில்லி கல் போடுவது? 60 போதும் என்று பட்டறையில் சொல்வார்களே.

முருகேசன் பெரியப்பா, 8:46
கார், பைக் மட்டும் என்றால் 60 மில்லி கனம், எம்-35 போதும். எம் என்பது கல்லின் பலத்தைக் குறிக்கும் தரம், எண் கூடினால் பலம் கூடும். கோடையில் நமக்குத் தண்ணீர் லாரி வருகிறது. 80 மில்லி, எம்-40 கேட்போம். கல் வந்ததும் நன்றாகக் காய வைத்து ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து மறுபடி எடை பாருங்கள். 4 கிலோ கல் 240 கிராமுக்கு மேல் கூடினால் ஆய்வகத்தில் சோதிக்காமல் இறக்க விட மாட்டேன். சராசரி 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சரோஜா அத்தை, 8:50
இடுக்கில் சீமெண்டு பூசிவிடுவார்களோ? என் கிணற்றுக்குத் தண்ணீர் இறங்க வேண்டும்.

முருகேசன் பெரியப்பா, 8:52
பூச விட மாட்டேன் அக்கா. மணல்தான் தள்ளுவோம். மழைத் தண்ணீர் இடுக்கு வழியாகவே இறங்கும்.

லதா, 9:05
டிராக்டர்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சீலிங்கை இன்று மாலையே கழற்றுகிறார்கள். தளத்தை உடைக்கும்போது கம்பியைப் பிரிக்க இரண்டு பேர் கூட நின்றால் நல்லது.

கார்த்திக், 9:06
நான் வருகிறேன் அக்கா. ஆறு மணிக்கு.