காலியாக இருக்கும் உயர்வகுப்பு இருக்கையில் பணம் கட்டாமல் போய் உட்காரலாமா?

நெடும்பாதை:
நீண்ட தூர விமானங்களில் அடிக்கடி காணும் ஒரு பழக்கத்தை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். கதவு சாத்தப்பட்டதும் எகானமி வகுப்பில் இருப்பவர்களில் சிலர் எழுந்து, கூடுதல் கட்டணத்துக்கு விற்கப்படும் கால் நீட்ட வசதியுள்ள முன்வரிசைகளில் போய் அமர்ந்துகொள்கிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் விளக்குகள் அணைந்த பிறகு வகுப்புகளைப் பிரிக்கும் திரைச்சீலையைத் தாண்டி, எகானமிக்கு மேற்பட்ட வகுப்பான பிரீமியம் எகானமிக்கே போய்விடுகிறார்கள். அண்மையில் நான் பார்த்த ஒருவர், பணிப்பெண் திருப்பி அனுப்பிய பிறகும், உணவு பரிமாறி முடிந்ததும் அதே இருக்கைக்குத் திரும்பி வந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அந்த வரிசைக்காகத் தனியாகப் பணம் கட்டியவர். அவர் முகம் சுருங்கியதே தவிர ஒன்றும் பேசவில்லை. விலை கொடுக்காமல் ஒன்றை அனுபவிப்பது, அதையும் விற்பவருக்குத் தெரியாமல் செய்வது, நேர்மையான செயல் அல்ல என்பதே என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

சாளரத்தோரம்:
நெடும்பாதை அவர்களே, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பிறர் பொருளை நான் எடுத்தால் அவரிடம் அது இல்லாமல் போகிறது. விமான இருக்கையோ, விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிய கணத்திலேயே விற்கப்படும் வாய்ப்பை இழந்துவிடுகிறது. அதை நாளைக்கு விற்கலாம் என்று எடுத்து வைக்க முடியாது. அதில் நான் ஐந்து மணி நேரம் அமர்ந்தால் யாருக்கு என்ன குறைந்தது?

இன்னொன்றையும் யோசியுங்கள். பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துய்ப்பூயி 1849இலேயே ரயில் கட்டணங்களைப் பற்றி ஒன்று எழுதினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை போடாமல் விட்டது கூரைக்கு ஆகும் செலவுக்குப் பயந்து அல்ல, இரண்டாம் வகுப்புக் கட்டணம் கொடுக்க முடிந்தவர்கள் மூன்றாம் வகுப்புக்கு இறங்கி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே என்றார் அவர். இன்றைய எகானமி வகுப்பில் முழங்கால் முன்னிருக்கையில் இடிப்பதற்கும் அதுவே காரணங்களில் ஒன்று. வேண்டுமென்றே உண்டாக்கப்பட்ட சிரமத்திலிருந்து ஒருவர் யாருக்கும் இடையூறு இல்லாமல் விலகிக்கொள்வதை ஒழுக்கக்கேடாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வரவுசெலவு:
துய்ப்பூயி சொன்னதை நானும் ஏற்கிறேன், ஆனால் அதிலிருந்து சாளரத்தோரம் எடுக்கும் முடிவு கிடைக்கவில்லை. இருக்கையின் மதிப்பு விமானம் எழும்பும்போது பூஜ்யமாகிறது என்கிறார். இருக்கை வாங்குவதா வேண்டாமா என்ற முடிவு அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே ஒவ்வொரு பயணியின் மனதிலும் எடுக்கப்பட்டுவிடுகிறது. உள்ளே போன பிறகு இலவசமாக நகர்ந்துகொள்ளலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கமாகிவிட்டால், முன்கூட்டிப் பணம் கட்டுகிறவர் ஏமாளியாகிறார். அடுத்த முறை அவரும் கட்டமாட்டார். அந்த வருமானத்தில் ஒரு பங்குதான் பின்வரிசைக் கட்டணத்தைத் தாழ்வாக வைத்திருக்க உதவுகிறது.

காலி இருக்கை என்பதும் தற்செயலாக மிஞ்சிப்போன ஒன்று அல்ல. அன்றைய பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யில் பணியாற்றிய கென்னத் லிட்டில்வுட் 1972இல் ஒரு விதியை வகுத்தார்: பின்னால் வரக்கூடிய, அதிகக் கட்டணம் தரும் பயணியிடமிருந்து எதிர்பார்க்கும் வருமானத்தைவிட, இப்போது கையில் கிடைக்கும் குறைந்த கட்டணம் கூடுதலாக இருக்கும்வரைதான் இருக்கையைக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும். விமான நிறுவனங்களின் இன்றைய இருக்கைக் கணக்கு அந்தச் சிந்தனையின் மேல் வளர்ந்ததுதான். கடைசி நேரத்தில் ஓடி வருகிறவருக்காக இடம் ஒதுக்கி வைப்பதென்றால், அவர் வராத நாட்களில் அந்த இடம் காலியாகத்தான் பறக்கும்.

அரசுகளும் வகுப்பைப் பார்த்தே வரி போடுகின்றன. பிரிட்டனின் விமானப் பயணி வரியில் குறைந்த விகிதம் கடைசி வகுப்புக்கு மட்டுமே, அதுவும் இருக்கைகளுக்கிடையிலான தூரம் 1.016 மீட்டரைத் தாண்டாதபோது மட்டுமே.

இறக்கைமேல்:
நான் பல ஆண்டுகள் கேபின் பணியாளராக இருந்தவள். வருமானக் கணக்கை மற்றவர்கள் பேசட்டும். விமானத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

புறப்படுவதற்கு முன் எந்தப் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை எடைக்கணக்குத் தாளில் ஏறுகிறது. விமானத்தின் ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது, வால்பகுதியின் கிடைச் சிறகை எந்தக் கோணத்தில் வைத்துப் புறப்பட வேண்டும் என்பவையெல்லாம் அந்தத் தாளிலிருந்தே வருகின்றன. பெரிய விமானத்தில் ஒருவர் இரண்டு வரிசை முன்னால் போனால் ஒன்றும் ஆகிவிடாது என்பது உண்மைதான். பாதி காலியான சிறிய விமானத்தில் பத்துப் பேர் தங்கள் விருப்பப்படி முன்னால் நகர்ந்தால் அது வேறு கதை. அதனால்தான் சில பயணங்களில் புறப்பாடு முடியும்வரை இடம் மாற வேண்டாம் என்று அறிவிக்கிறோம்.

கால் நீட்ட வசதியுள்ள இருக்கைகளில் பல அவசரகால வழியை ஒட்டியவை. அமெரிக்க விதிகளின்படி 15 வயது நிரம்பாதவர் அங்கே உட்காரக் கூடாது. அந்தக் கதவைத் திறக்க உடல் வலுவோ விருப்பமோ இல்லாதவரும் கூடாது. அங்கே அமர்பவரிடம் தரையிலேயே பேசி, அவர் ஒப்புக்கொண்டாரா என்று பார்ப்பது எங்கள் கடமை. ஓசையில்லாமல் வந்து அமர்ந்தவரிடம் அந்தப் பேச்சு நடந்திருக்காது. ஆக்ஸிஜன் முகமூடிகளுக்கும் கணக்கு உண்டு: பல விமானங்களில் மூன்று இருக்கைத் தொகுதிக்கு நான்கு முகமூடிகளே இருக்கும், எனவே மடியில் குழந்தை வைத்திருப்பவர்கள் இருவர் ஒரே தொகுதியில் சேர்ந்துவிடக் கூடாது.

யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்றும் இருக்கிறது. பயணிகளில் ஒருவருக்குக் காசநோய் இருந்தது பிறகு தெரியவந்தால், எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நீடித்த பயணங்களில் அவருடைய வரிசையிலும் முன்பின் இரண்டிரண்டு வரிசைகளிலும் இருந்தவர்களைத் தேடித் தகவல் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது. தேடுகிறவர்கள் கையில் இருப்பது இருக்கைப் பட்டியல் மட்டுமே. அதில் பெயர் ஓரிடத்திலும் ஆள் வேறிடத்திலும் இருந்தால், தகவல் போய்ச் சேர வேண்டியவருக்கே போகாது.

சாளரத்தோரம்:
அவசரகால வழியைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுப்பின்றி ஏற்கிறேன். அங்கே யாரும் தாமாக உட்காரக் கூடாது. ஆனால் மற்ற காரணங்களில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு நேரான பதிலை எதிர்பார்க்கிறேன். பல விமானங்களில் பறந்துகொண்டிருக்கும்போதே அட்டையை நீட்டிப் பணம் கட்டினால் அதே காலி இருக்கையைத் தருகிறார்கள். என் எடை பணம் கட்டிய பிறகு குறைந்துவிடுமா? நோய் பரவும் தூரம் மாறிவிடுமா? பாதுகாப்புதான் உண்மையான காரணம் என்றால் பணம் அதைத் தீர்த்துவிடக் கூடாது. பணம் தீர்க்கிறது என்றால் இது முழுக்க வணிகக் காரணம், அதற்குப் பாதுகாப்பின் போர்வையைப் போர்த்தக் கூடாது.

இறக்கைமேல்:
நேரான கேள்வி, நேராகவே சொல்கிறேன். பணம் எதையும் தீர்ப்பதில்லை, கேட்பதுதான் தீர்க்கிறது. நீங்கள் அழைப்பு மணியை அழுத்திக் கேட்கும்போது நான் பட்டியலைப் பார்க்கிறேன், அந்த இருக்கையின் மேசையோ இருக்கைப்பட்டையோ பழுதாகி, யாரும் அமரக் கூடாது என்று மூடி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன், சக பணியாளர்களிடம் சொல்கிறேன், மாற்றத்தைக் குறித்து வைக்கிறேன். காலியாகத் தெரியும் இருக்கைகளில் சில உண்மையில் பணியாளர் ஓய்வுக்காகவோ பழுதுக்காகவோ நிறுத்தப்பட்டவை. உடல்நிலை சரியில்லாத பயணிகளைப் பணம் வாங்காமலே நாங்கள் முன்னால் மாற்றியிருக்கிறோம். ஆகவே வணிகக் காரணம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருக்கின்றன.

இதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அதை அவர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார், குரலை உயர்த்துகிறார், மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். அனுப்பாமல் விட்டால், பணம் கட்டிய பயணி "நான் எதற்குக் கட்டினேன்?" என்று என்னிடம்தான் கேட்கிறார். நிறுவனம் விதியை எழுதிவிட்டு அலுவலகத்தில் இருக்கிறது, மீறுகிறவர் வசதியான இருக்கையில் இருக்கிறார், நடைபாதையில் நின்று இருவருக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான். என் பணிக்காலத்தில் என்னை அதிகம் களைப்படைய வைத்தது இரவு விழிப்பு அல்ல, இந்த வாக்குவாதங்கள்தான்.

நடுவிருக்கை:
இறக்கைமேல் எழுதியதைப் படித்தபோது ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. கேத்தரின் டெசெல்ஸ், மைக்கேல் நார்ட்டன் என்ற இருவர் 2016இல் வெளியிட்டது. முதல் வகுப்பு உள்ள விமானங்களில் எகானமி பயணிகள் கொந்தளித்துத் தகராறு செய்யும் வாய்ப்பு, அவ்வகுப்பு இல்லாதவற்றைவிட ஏறத்தாழ 3.84 மடங்கு என்றும், பயணிகள் முன்கதவு வழியாக ஏறி அந்த வகுப்பைக் கடந்து போகும்போது அது மேலும் கூடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். அவர்களுடைய கணக்கு முறையைக் குறைகூறியவர்களும் உண்டு. எண்ணை விட்டுவிடுங்கள், அகன்ற இருக்கைகளை ஒவ்வொன்றாகக் கடந்துபோய்க் குறுகிய இருக்கையில் அடைபட்டவருக்கு மனம் கசப்பது இயல்பே.

அதற்காக அத்துமீறலை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அதே வகுப்பில், அதே கட்டண இருக்கையில், காலியான வரிசைக்கு மாறிப் படுத்துக்கொள்வதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். திரைச்சீலையைத் தாண்டுவது தவறு என்பதிலும் ஐயமில்லை. சிக்கல் நடுவில் இருக்கும் அந்தக் கால் நீட்டும் வரிசைகளில்தான். அதே கேபின், அதே உணவு, அதே பணியாளர்கள். முன்பு கேட்டவருக்கெல்லாம் கொடுத்த வரிசைகளை நிறுவனங்கள் பிறகு தனியாக விற்கத் தொடங்கின. பயணியின் மனதில் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. புதிய எல்லைக்கோடு இருக்கையின் தலைப்பகுதியில் ஒரு சிறு எழுத்தாகவோ வேறு நிறத் துணியாகவோதான் தெரிகிறது.

வரவுசெலவு:
எல்லை மங்கலாக இருந்தால் கேட்டுவிட்டு மாறலாமே. நிறுவனங்களும் விதிக்குக் கட்டுப்பட்டவைதான் என்பதைச் சாளரத்தோரம் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறைப்படி, நிறுவனம் தானாக ஒருவரை உயர்ந்த வகுப்பில் உட்கார வைத்தால் கூடுதல் பணம் கேட்கக் கூடாது. தாழ்ந்த வகுப்புக்கு இறக்கினால் தூரத்தைப் பொறுத்துப் பயணச்சீட்டு விலையில் 30, 50 அல்லது 75 விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும். வாங்கிய வகுப்பை அவர்கள் மீறினால் நாம் இழப்பீடு கேட்கிறோம். நாம் மீறும்போது மட்டும் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பது எப்படிப் பொருந்தும்?

சாளரத்தோரம்:
வரவுசெலவு அவர்களின் ஒப்பீடு எனக்கு ஏற்புடையதல்ல. நிறுவனம் என்னைக் கீழே இறக்கினால் நான் விலை கொடுத்தது கிடைக்காமல் போகிறது. நான் காலி இருக்கைக்குப் போனால் அவர்கள் கையிலிருந்து எதுவும் போவதில்லை. இந்த வேறுபாட்டை நான் கைவிடப் போவதில்லை.

ஆனால் இறக்கைமேல் சொன்ன வாக்குவாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. என் வாதம் முழுவதும் பயணிக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடந்துகொண்டிருந்தது. நடைபாதையில் நிற்பவரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இனி நகர்வதற்கு முன் கேட்பேன், மறுத்தால் பேசாமல் திரும்பிவிடுவேன். கதவு சாத்திய பிறகு விற்காமல் கிடக்கும் கால் நீட்டும் வரிசைகளை, உயரமானவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கேட்டால் கொடுங்கள் என்று நிறுவனங்கள் பணியாளர்களுக்கு எழுத்திலேயே அதிகாரம் தர வேண்டும் என்ற என் கோரிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

இறக்கைமேல்:
அந்த அதிகாரம் கிடைத்தால் முதலில் மகிழ்வது நாங்கள்தான். கேட்பவர்கள் உணவு வண்டிகள் நடைபாதைக்கு வருவதற்கு முன்பே கேளுங்கள்; வண்டி வந்த பிறகு பட்டியலைப் பார்க்க எங்களுக்குக் கை ஓய்வதில்லை. நெடும்பாதை அவர்களே, பக்கத்தில் பணம் கட்டாதவர் வந்து அமர்ந்தால் நீங்கள் அவரிடம் நேரில் பேச வேண்டாம், எங்களிடம் மெதுவாகச் சொன்னால் போதும்.