மகன் சென்டர்பேக், வயது 16, உயரம் 1.76: தேசிய சேவையைத் தாண்டி இதில் நிலைக்க முடியுமா?

ஈசூன்_அம்மா கேட்கிறார்:

வணக்கம், சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். மகன் இந்த ஆண்டு சாதாரண நிலைத் தேர்வு எழுதுகிறான். கால்பந்தில், பள்ளி அணியிலும் வார இறுதியில் ஓர் அகாடமியிலும் சென்டர்பேக், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவன். வலது கால் ஆட்டக்காரன். இடது காலால் பந்தைத் தள்ளிவிடுவான், அதற்கு மேல் இல்லை.

கோல் அடிக்கிற பையன்களைத்தான் எல்லாரும் கவனிக்கிறார்கள். பின்னால் நிற்பவனை எதை வைத்து எடை போடுகிறார்கள்? 1.76 உயரம் போதுமா? இரண்டு வருடத் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி, எல்லாவற்றையும் அழித்துவிடுமா? எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரில் ஒரு கிளப்பில் இப்போதே சேர்த்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார், நம்பலாமா? நாளைக்கு ஒப்பந்தம் என்று ஒரு தாளை நீட்டினால் எந்த வரியைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பின்வரிசை_4:

அக்கா, முதலில் உயரம். ஃபாபியோ கன்னவாரோவும் 1.76தான். 2006ல் இத்தாலிக்குத் தலைமை தாங்கி உலகக் கிண்ணம் வென்று, அதே ஆண்டு பாலன் டோரும் வாங்கினார். ஆனால் அவரைக் காட்டி மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். இந்த வட்டாரத்துக் கிளப்புகள் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கான இடங்களை ஸ்ட்ரைக்கருக்கும் உயரமான சென்டர்பேக்குக்கும்தான் பெரும்பாலும் ஒதுக்கும். உள்ளூர்ப் பையன் போட்டி போடுவது அந்த இறக்குமதியோடு. நம் டிஃபெண்டர் பைஹாக்கி கைசான் 1.90 உயரம், இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து மூன்று நாட்டிலும் ஆடினார். 1.76 இருப்பவன் இரண்டாவதாக ஓர் இடத்தையும் கற்றுவைத்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அது வலது ஃபுல்பேக், பின்வரிசையின் வலது ஓரத்து ஆள்.

எதை வைத்து எடை போடுகிறார்கள் என்றால், சறுக்கிப் போய்ப் பந்தைப் பறிப்பதை வைத்து இல்லை. சறுக்க வேண்டிய நிலை வந்தாலே முன்னால் எங்கோ பிசகியிருக்கிறது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். அவர் கவனிப்பது அதற்கு மூன்று நொடி முன்னால். எதிரணி நடுக்கள ஆட்டக்காரரிடம் பந்து. அவரை யாரும் நெருக்கவில்லை, தலையை நிமிர்த்திவிட்டார். அடுத்து நீளப் பந்து வரும். அந்தக் கணத்தில் பையன் உடம்பைப் பாதி திருப்பிப் பின்னால் நகரத் தொடங்கியிருக்க வேண்டும். அவரையே ஒருவர் நெருக்கி முதுகைத் திருப்ப வைத்துவிட்டால் வரிசை முழுவதும் இரண்டு மூன்று மீட்டர் முன்னே ஏற வேண்டும். 16 வயது அணிகளில் ஓயாமல் நடக்கும் கோளாறு இதில்தான்: சென்டர்பேக் இருவரும் ஏறுவார்கள், தூரத்து ஃபுல்பேக் தன் ஆளைப் பார்த்துக்கொண்டே இரண்டு மீட்டர் பின்னால் நிற்பான். எல்லாரும் ஆஃப்சைடு என்று கையைத் தூக்குவார்கள், கொடி எழாது. அந்த ஃபுல்பேக்கைக் கத்தி மேலே இழுப்பது சென்டர்பேக்கின் வேலை. வாய் திறக்காத சென்டர்பேக்கைப் பாதி ஆட்டத்திலேயே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள்.

ஒற்றைக்கு ஒற்றை வரும்போது நேருக்கு நேர் சதுரமாக நிற்கக் கூடாது. பக்கவாட்டில், முழங்கால் மடித்து, முன்னங்காலில் எடை, இரண்டு கை நீள இடைவெளி. எதிராளியை அவனுக்கு வராத காலின் பக்கமோ கோட்டோரமோ தள்ளிக்கொண்டே போக வேண்டும். பந்து அவன் காலை விட்டுச் சற்றுத் தள்ளி உருளும் அந்த ஒரு தொடுகையில்தான் கால் வைக்கலாம். பந்து காலோடு ஒட்டியிருக்கும்போது பாய்ந்தால் தாண்டிப் போய்விடுவான்.

இன்னொன்று. 2019 விதி மாற்றத்துக்குப் பிறகு கோல் கிக்கில் பந்து பெனால்டி எல்லையை விட்டு வெளியே வரத் தேவையில்லை. அதனால் சென்டர்பேக் இப்போது கோல்காப்பாளருக்குப் பக்கத்திலேயே நின்று, நெருக்கும் ஸ்ட்ரைக்கரைத் தாண்டிப் பந்தை வெளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது. இடது கால் வெறும் ஊன்றுகோலாக இருந்தால் எதிரணி பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்து அந்தப் பக்கம் மட்டும் திறந்துவிடும். தினம் சுவரில் இடது காலால் 100 முறை, தரையோடு, 10 மீட்டர் தூரத்திலிருந்து. சலிப்பான வேலைதான், வேறு வழி இல்லை.

தாள்_பார்ப்பவன்:

ஜோகூரை முதலில் முடித்துவிடலாம், பணமும் நேரமும் வீணாகும் இடம் அது.

ஃபிஃபா விதி 19ன்படி 18 வயது ஆகாதவரை வேறு நாட்டுக் கிளப்பில் பதிவு செய்ய முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு, அதில் நமக்குப் பக்கமாக வருவது எல்லை விதிவிலக்கு. வீடு எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், கிளப்பும் அந்தப் பக்கம் 50க்குள், இரண்டுக்கும் நடுவே 100க்கு மேல் போகக் கூடாது, பையன் தன் வீட்டிலேயே தொடர்ந்து வசிக்க வேண்டும், இரு நாட்டுச் சங்கங்களும் வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும். தூரக் கணக்கில் உங்கள் ஈசூன் வட்டாரம் தாராளமாகத் தேறும். ஆனால் அந்த இரண்டு சம்மதத்தையும் எழுத்தில் காட்டாமல் "அங்கேயே தங்க இடம் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால், அவர் விதியைப் படிக்காதவர், அல்லது நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்று நினைப்பவர். அவரிடம் ஃபிஃபா முகவர் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அதோடு, தேசிய சேவைக் கடப்பாடு உள்ள பையன் 13 வயதிலிருந்தே மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க எக்ஸிட் பெர்மிட் வேண்டும். பதினாறரை வயதைத் தாண்டினால் பிணைத்தொகையும் சேரும்: 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் முந்தைய ஆண்டு மொத்த வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. உங்கள் மகன் அந்த வயதை நெருங்கிவிட்டான்.

தேசிய சேவையை ஒத்திவைக்க அனுமதி கிடைக்கும் என்று கணக்குப் போடவே வேண்டாம். 2018ல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாமில் நிபுணத்துவ ஒப்பந்தம் பெற்ற பென் டேவிஸுக்கே கிடைக்கவில்லை. கையில் இருப்பது ஒரே ஒரு முடிவு: அந்த இரண்டு ஆண்டு எந்த வயதில் விழ வேண்டும் என்பது. தொடக்கக்கல்லூரி போனால் ஏறத்தாழ 18, 19ல் உள்ளே போய் 20, 21ல் வெளியே வருவான். பலதுறைத் தொழிற்கல்லூரி என்றால் 20ல் போய் 22ல் வருவான், கிளப்புகள் முதல் முழு ஒப்பந்தம் கொடுக்கும் வயது அப்படியே உள்ளே கழியும். உடல்தகுதித் தேர்வில் கேட்கும் தரத்தை முன்பே எட்டினால் இரண்டு மாதம் குறையும், அதை விடாதீர்கள். ஓரத்தில் ஓடித் தாக்கும் ஒரு விங்கருக்கு இந்த இரண்டு ஆண்டு பெரிய அடி. டிஃபெண்டர் அவ்வளவு இழப்பதில்லை, தாமதமாக முதிரும் இடம் அது. நம் டிஃபெண்டர் டேனியல் பென்னட் நாற்பதை நெருங்கும் வயதிலும் உள்ளூர் எஸ்.லீக் ஆடினார்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். கையெழுத்திடும்போது அவனுக்கு 18 ஆகாவிட்டால் மூன்று ஆண்டுக்கு மேல் போட முடியாது. "மேலும் ஓர் ஆண்டு நீட்டிக்கும் உரிமை" என்ற வரி வரும், அந்த உரிமை யாருடையது? கிளப்புக்கு மட்டும் என்றால், நீட்டித்தால் சம்பளம் எவ்வளவு என்று அதே வரியில் எண் இருக்க வேண்டும். சம்பளம் 12 மாதத்துக்கா, சீசன் ஓடும் மாதங்களுக்கு மட்டுமா? ஆட்ட ஊக்கத்தொகை களத்தில் இறங்கினால்தானா, மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் உட்கார்ந்தாலும் உண்டா? இளம் டிஃபெண்டருக்கு இந்தக் கேள்விதான் பணம். ஸ்ட்ரைக்கரை 70வது நிமிடத்தில் மாற்றுவார்கள், பின்வரிசையில் கை வைக்கப் பயிற்றுநர்கள் யோசிப்பார்கள், பல வாரம் இருக்கையிலேயே போகும். காயம் பட்டால் அறுவைச் சிகிச்சை யார் செலவு, எந்த மருத்துவரிடம், எத்தனை மாதம் முழுச் சம்பளம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

மத்திய சேமநிதி (சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் சேமிப்பு): ஊழியராக அமர்த்தினால் அவன் பங்கு 20 விழுக்காடு, கிளப் பங்கு 17. வெளிநாட்டுக் கிளப்பில் ஆடும் ஆண்டுகளில் அது சேராது. அங்கே சம்பளம் அதிகம் என்று ஒப்பிடும்போது இந்த 17ஐக் கழித்துப் பாருங்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்களைக் கடிக்கும் பிரச்சினை சம்பள பாக்கி. ஃபிஃபா விதி 14பிஸ்: இரண்டு மாதச் சம்பளம் தவணையில் வராவிட்டால், குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்குள்ளும் கட்டாவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். பலர் தவறுவது நோட்டீஸில்தான். கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவார்கள், பிறகு கிளப் "இவர்தான் ஓடிப்போனார்" என்று வாதாடும். வாட்ஸ்அப்பில் மேலாளருக்குக் கெஞ்சி எழுதியதை நோட்டீஸ் என்று நம்பியிருக்க வேண்டாம். ஃபிஃபாவில் புகார் செய்ய இரண்டு ஆண்டு வரைதான் கால எல்லை.

தொடைத்தசை:

தாள்_பார்ப்பவன் சொன்னதோடு உடம்புப் பக்கம் கொஞ்சம்.

டிஃபெண்டரின் ஓட்டம் வேறு மாதிரி. பின்னால் நகர்ந்து, திரும்பி, சட்டென்று முழு வேகம். பின்தொடைத் தசை கிழிவது அந்தத் திருப்பத்துக்கு அடுத்த சில அடிகளில். நார்டிக் பயிற்சி இதற்கு நன்றாக வேலை செய்கிறது: முட்டி போட்டு நிற்க வேண்டும், ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும், இடுப்பை மடக்காமல் உடம்பை மெல்ல முன்னே சாய்த்துக்கொண்டே போக வேண்டும். தொடக்கத்தில் 3 முதல் 5 முறை போதும், வாரங்கள் போகப் போகக் கூட்டலாம். முதல் வாரம் தசை பயங்கரமாக வலிக்கும், ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்யாதீர்கள். ஃபிஃபா 11 பிளஸ் பயிற்சித் தொகுப்பில் இதுவும் இருக்கிறது, மொத்தமே 20 நிமிடம். வாரம் இரண்டு முறை, ஆட்டத்துக்கு முன் வேண்டியது அதில் ஓட்டப் பகுதி மட்டும்.

ஜாலான் புசார் உட்பட இங்கே பல மைதானங்கள் செயற்கைப் புல். நீள ஆணி வைத்த பூட்ஸ் அதில் பதிந்து நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும், முழங்கால் தசைநார் போய்விடும். செயற்கைப் புல்லுக்கென்று குட்டையான, நிறைய ஆணி உள்ள ஜோடி தனியாக வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: 1 கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்போடு, சில மணி நேரத்துக்குள் திரும்ப உள்ளே போக வேண்டும்.

தேசிய சேவையில் அடிப்படைப் பயிற்சி சுமார் 9 வாரம். 2.4 கிலோமீட்டர் ஓட்டம் நன்றாகிவிடும், முழு வேக ஓட்டம் மங்கிவிடும். பூட்ஸும் பாரமும் சேர்ந்து முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி பிடிக்கும். விடுப்பில் வந்த சனிக்கிழமையே 90 நிமிடம் ஆடினால் கிழிவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் 20 மீட்டர் ஓட்டம் ஆறு, இடையில் முழு ஓய்வு, முதலில் முக்கால் வேகத்தில். அந்த 9 வாரத்துக்கு அது போதும்.

காலாங்_ரோர்:

ஃபுல்பேக்குக்கு மாற்று என்று பின்வரிசை_4 சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. இன்றைய ஃபுல்பேக் ஆட்டம் முழுக்க மேலும் கீழும் ஓட வேண்டும், கிராஸ் போடத் தெரிய வேண்டும். 16 வரை நடுவில் நின்றவனுக்கு அது புதுத் தொழில். மூன்று சென்டர்பேக் வைத்து ஆடும் அணியில் வலது ஓரத்து ஆள், அல்லது பின்வரிசைக்கு முன்னால் நிற்கும் நடுக்களம், இந்த இரண்டும் அவனுக்கு இன்னும் பக்கம். நம் சஃபுவான் பஹாருடின் பின்வரிசை, நடுக்களம் இரண்டிலும் ஆடுவார், 2015ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் சிட்டிக்குப் போனார். இர்ஃபான் ஃபாண்டி தாக்குதலில் தொடங்கிச் சென்டர்பேக்காக மாறி, தாய்லாந்தில் பிஜி பாத்தும் அணியோடு 2020-21 லீக் பட்டம் வென்றார்.

யாரும் சொல்லாத ஒன்று அட்டை. 25 டிசம்பர் 2021, தேசிய விளையாட்டரங்கம், இந்தோனேசியாவோடு தென்கிழக்காசிய நாடுகளின் ஏஎஃப்எஃப் கிண்ண அரையிறுதி. முதல் பாதி முடியும் முன் சஃபுவானுக்கு இரண்டாவது மஞ்சள், இரண்டாம் பாதியில் இர்ஃபானுக்குச் சிவப்பு. ஒன்பது பேரோடும் 2-1 என்று முன்னிலைக்கு வந்தோம், கடைசியில் எட்டுப் பேராகி, கூடுதல் நேரத்தில் 4-2 என்று தோற்றோம். எவ்வளவு நல்ல டிஃபெண்டருக்கும் நடக்கும். பையனுக்கு விதியைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள்: உறுதியான கோல் வாய்ப்பைப் பெட்டிக்கு வெளியே தவறு செய்து தடுத்தால் சிவப்பு. பெட்டிக்குள் பந்துக்காகவே கால் வைத்துத் தவறினால் பெனால்டியும் மஞ்சளும். சட்டையை இழுத்தால் உள்ளேயும் சிவப்புதான். 20வது நிமிடத்தில் ஒருவன் தப்பி ஓடுகிறானா, விட்டுவிடலாம், கோல்காப்பாளர் இருக்கிறார். ஒரு கோல் பின்தங்கி 70 நிமிடம் ஆடுவது, பத்துப் பேரோடு 70 நிமிடம் ஆடுவதைவிட மேல்.

நம்மவர்கள் இந்த இடத்தில் ஆடியதில்லை என்று யாராவது சொன்னால்: 1977ல் மலேசியக் கிண்ணம் வென்ற அணியின் தலைவர் சமத் அல்லாப்பிச்சை சென்டர்பேக். 1998ல் ஹனோயில் டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் வியட்நாமை வென்ற அந்த ஒரே கோல், டிஃபெண்டர் ஆர். சசிகுமார் உடம்பில் பட்டு உள்ளே போனது.

ஈசூன்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஜோகூர்க்காரரிடம் அந்தச் சம்மதக் கடிதங்களைக் கேட்டேன், இன்னும் பதில் இல்லை. அடுத்த மாதம் இங்கேயே ஒரு கிளப்பின் இளையர் அணித் தேர்வு. காணொளி அனுப்பச் சொல்கிறார்கள். அவன் கோல் அடித்த மூன்று ஆட்டங்களைத்தான் கணவர் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

பின்வரிசை_4:

அதை அனுப்பாதீர்கள் அக்கா. நான்கு நிமிடம் போதும், பாட்டு வேண்டாம். ஒவ்வொரு துண்டும் அவன் பந்தைத் தொடுவதற்கு ஆறேழு நொடி முன்னால் தொடங்க வேண்டும், அப்போதுதான் எங்கே நின்றான், எப்போது திரும்பிப் பார்த்தான் என்று தெரியும். உங்கள் கணவரைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரமான படியில் நின்று, நான்கு டிஃபெண்டரும் ஒரே சட்டகத்தில் வரும்படி எடுக்கச் சொல்லுங்கள், பந்தைத் துரத்திக்கொண்டு கேமராவைத் திருப்ப வேண்டாம். தலையால் வென்றது மூன்று, ஒற்றைக்கு ஒற்றை நான்கு, நெருக்கடியில் கொடுத்த பாஸ் நான்கு, விட்டதைத் துரத்திப் பிடித்தது இரண்டு. அதில் இடது காலால் ஒன்றாவது இருக்கட்டும். தொடக்கத்திலேயே சட்டை எண்ணையும் நிறத்தையும் எழுதிவிடுங்கள். கீழே முழு ஆட்டத்துக்கான இணைப்பு ஒன்று, அணி தோற்ற ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. பின்வரிசைக்கு வேலை நிறைய வந்த ஆட்டம் அதுதான்.