எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்டுக்குக் காந்த பாக்டீரியா: அணைச் சேறா, ஆய்வக ரகமா?

தென்பெண்ணை:
எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் பொருளா மேக்னடோசோம் துகள் (காந்த பாக்டீரியா தன் செல்லுக்குள் செய்யும், சவ்வு போர்த்திய காந்தப் படிகம்) வேணும்னா, எம்.எஸ்.ஆர்.-1 என்ற ஜெர்மன் பாக்டீரியா ரகத்தைத் தேடி ஏன் அலையணும்? கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைச் சேற்றிலேயே தேடலாம். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சேறு, மேலே அணைத் தண்ணீர், மூடி லூசாக, இருட்டில் வைக்கணும். சேற்றுக்கு ஒரு விரல் மேலே காந்தத்தின் தென்முனையை வெளியே ஒட்டினா பாக்டீரியா அங்கே வந்து சேரும்.

பாலக்கோடு:
எதிர்ப்பக்கம் வடமுனையையும் வைங்கண்ணா. பூமியின் காந்தப்புலத்தை வட, தென் பாதியாப் பிரிக்கிற காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகுது. இங்கே இரண்டு திசைக்கும் நீந்துறது கலந்திருக்கலாம். ஆனா பிடிக்கிறது சுலபம், வளர்க்கிறதுதான் பாடு. இந்த பாக்டீரியாவைப் பற்றி ஆய்வாளர் பிளேக்மோர் 1975இல் எழுதியதிலிருந்து இன்னிக்கு வரை சேற்று ரகங்களில் பெரும்பாலானவை ஆய்வக ஊடகத்தில் வளர மாட்டேங்குது. வளராத செல்லின் ஜீனில் எப்படிக் கை வைப்பீங்க? எம்.எஸ்.ஆர்.-1இல் மேக்னடோசோம் செய்யத் தேவையான ஜீன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. 2014இல் அவற்றை ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம் என்ற, காந்தமே இல்லாத பாக்டீரியாவுக்கு மாற்றி மேக்னடோசோம் செய்ய வெச்சாங்க.

தென்பெண்ணை:
பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதாலதான் மொத்தமா கழன்றும் போகுது. திரும்பத் திரும்ப மறுவளர்ப்பு செய்தா மேக்னடோசோம் செய்யாத வெள்ளைக் காலனிதான் மிஞ்சும்.

பாலக்கோடு:
கருத்த காலனியை மட்டும் எடுத்து மைனஸ் 80 டிகிரியில் வெச்சு, ஒவ்வொரு தடவையும் அதிலிருந்தே தொடங்குங்க. அதைவிட ஆக்சிஜன்தான் ஆளைக் கவுக்கும். அதன் அழுத்தம் 20 மில்லிபாரைத் தாண்டினா மேக்னடைட், அதாவது துகளுக்குள்ள இருக்கிற காந்த இரும்பு ஆக்சைடு, உருவாகாது. காற்றில் இருக்கிறதோ சுமார் 210. குடுவையைக் கழுத்து வரை நிரப்புங்க, ஷேக்கர் வேண்டாம். 28 டிகிரி, ஃபெரிக் சிட்ரேட் அரை மில்லிமோலார். 565 நானோமீட்டர் ஒளியில், காந்தப்புலத்தை ஒளிக்கு நேராக ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை வெச்சு வளர்ப்பின் கலங்கலை அளங்க. இரண்டும் ஒரே எண் வந்தா காந்தம் போச்சு.

காவேரிப்பட்டணம்:
இவ்வளவு எதுக்கு? ஃபெரிக் இரண்டு, ஃபெரஸ் ஒன்று விகிதத்தில் இரண்டு வகை இரும்பு உப்பையும் கலந்து, நைட்ரஜன் ஓட்டத்தில் அம்மோனியா விட்டா அன்னிக்கே மேக்னடைட். உங்க பாக்டீரியா கிராம் நெகட்டிவ் வகை, உறை முழுக்க எண்டோடாக்சின், அதாவது ரத்தத்தில் கலந்தா காய்ச்சல் கிளப்பும் நச்சு. நரம்பில் ஏற்றும் மருந்துக்கு வரம்பு ஒரு மணி நேரத்தில் கிலோ எடைக்கு 5 எண்டோடாக்சின் அலகுதான். சுட்டும் நீக்க முடியாது, சவ்வு போயிடும். சவ்வு போனா 40 நானோமீட்டர் படிகங்கள் நிலைக்காந்தம் மாதிரி ஒன்றையொன்று இழுத்துத் திரளும்.

பாலக்கோடு:
எண்டோடாக்சின் விஷயத்தில் நீங்க சொல்றது சரி. ஆனா அம்மோனியா முறையில் துகள் அளவு சீரா வராது. செல்லுக்குள்ள அளவை ஜீன் பிடிச்சு வைக்குது. சவ்விலுள்ள மாம்-சி புரதத்தோட, புற்றுக்கட்டியைத் தேடும் பெப்டைடை (குட்டிப் புரதத் துண்டை) ஜீனிலேயே இணைச்சா, துகள் உருவாகும்போதே அதுவும் மேல ஒட்டியிருக்கும். கெமிக்கல் துகளுக்கு அது தனி வேலை.

காவேரிப்பட்டணம்:
செய்ங்க. ஆனா எண்டோடாக்சினுக்கு லால் சோதனை (குதிரைலாட நண்டின் ரத்தச் சாற்றை வெச்சுச் செய்யும் சோதனை) செய்யும்போது நிற முறையை நம்பாதீங்க. அது பார்க்கிற 405 நானோமீட்டர் ஒளியை இரும்புத் துகளே விழுங்கும். ஜெல் முறைக்குப் போங்க, தெரிந்த அளவு எண்டோடாக்சின் கலந்த மாதிரிக் குழாய் ஒன்றும் கூடவே ஓடட்டும். அதிலேயே ஜெல் கட்டலைன்னா துகள் சோதனையைத் தடுக்குதுன்னு அர்த்தம். அந்த பேட்சை ‘சுத்தம்’னு எழுதக் கூடாது.