வீரமகேந்திரபுரம் கீரிமலைக்கு வடக்கையோ? ஆர் சொன்னது?

பயன்காரன்:
நேற்று இங்கை வடலிக்கரையான் ஒரு படம் போட்டவர். கடலுக்கடியில தூண், படிக்கட்டு, பாசி. "சூரபன்மன்ர வீரமகேந்திரபுரம் இதுதான். யாழ்ப்பாணத்து வடகரைக் கீரிமலைக்கும் தமிழ்நாட்டுக் கோடிக்கரைக்கும் நடுவில அமிழ்ந்து கிடக்கு. பகிருங்கோ" எண்டு எழுத்து வேற. கீழ ஒரு கூட்டமே "முருகா முருகா" எண்டு கும்பிட்டுக் கிடக்கு. தம்பி, கந்தபுராணம் 10,345 பாட்டு. அதில ஒரு பாட்டையெண்டாலும் திறந்து பார்த்தனீரோ? முருகன்ர தளபதி வீரவாகுதேவர் சூரனிட்டைத் தூது போகேக்கை திருச்செந்தூர்க் கரையில கந்தமாதன மலையில ஏறி நிண்டு பாயிறார். வழியில இலங்கை. அங்கை காவல் நிண்ட அசுரன் வீரசிங்கன் மறிக்கிறான். அவனைக் கொன்று, இலங்கையைக் கடலுக்குள்ள அமத்தி, அதிவீரனையும் யாளிமுகனையும் முடிச்சுப்போட்டுத்தான் மகேந்திரத்துக்குப் போறார். வடக்கால வாறவர் இலங்கையைத் தாண்டினா எந்தப் பக்கம் நிப்பார்? தெற்கை. அப்ப கீரிமலைக்கு வடக்கை அந்த ஊர் எப்பிடி வந்தது?

வடலிக்கரையான்:
ஐயா, கோவிக்காதேங்கோ. சண்டை முடிய முருகன் வருணனைக் கூப்பிட்டு மகேந்திரபுரத்தைக் கடலால மூடச் சொன்னவர். அது நீங்கள் படிக்கிற புராணத்திலதானே இருக்கு? கடல் மூடின ஊரைக் கடலுக்குள்ளதான் தேடவேணும். தோட்டத்துக்குள்ளயோ தேடுறது?

பயன்காரன்:
கடல் மூடினது ஓம். எந்தக் கடல்? நான் கேட்டது வேற. வீரவாகு இலங்கையைத் தாண்டினவரோ இல்லையோ? ஓம் எண்டு சொல்லும், இல்லாட்டி இல்லை எண்டு சொல்லும்.

கனடாக் குளிர்:
ஆகாயத்தால பாயிற ஆளுக்கு வடக்கென்ன தெற்கென்ன அண்ணை? அங்கை அனுமார் மகேந்திர மலையில இருந்து பாஞ்சார், இங்கை வீரவாகு கந்தமாதனத்தில இருந்து பாஞ்சார். அங்கையும் இலங்கை, இங்கையும் இலங்கை. அங்கையும் தூது, இங்கையும் தூது. ஒண்டைப் பார்த்து மற்றதை எழுதியிருக்கினம். இதுக்கு ஒரு சண்டை.

பயன்காரன்:
உமக்கு அங்கை பனி அள்ளுற வேலை இல்லையோ? கச்சியப்ப சிவாசாரியார் ராமாயணத்தைப் பார்த்து எழுதேல்லை. வடமொழிக் கந்தபுராணத்தில வாற சங்கர சங்கிதையின்ர சிவரகசிய காண்டத்தைப் பார்த்துக் காஞ்சிபுரம் குமரகோட்டத்தில இருந்து பாடினவர். மகேந்திரம் எண்டது அனுமாருக்கு மலை, சூரனுக்கு ஊர். மலையையும் ஊரையும் குழப்புறவர் புராணம் கதைக்கக் கூடாது. சரி, வடலிக்கரையான், தாண்டினவரோ இல்லையோ?

மருதடியாள்:
ஐயா சொல்லுறதுதான் சரி. முருகன் படையோடை வந்து பாசறை போட்ட இடம் ஏமகூடம். கதிர்காமத்தைத்தான் ஏமகூடம் எண்டு எங்கட ஆக்கள் காலங்காலமாச் சொல்லுறது. பாசறை அங்கையெண்டா சண்டை நடந்த ஊர் கீரிமலைப் பக்கம் இருக்காது. ஆனா ஐயா, ஒரு சின்னத் திருத்தம். யாளிமுகன் போகேக்கை சாகேல்லை. வீரவாகு தூது முடிஞ்சு திரும்பி வரேக்கைதான் அவன்ர வதைப் படலம் வருது. போகேக்கை செத்தது மகன் அதிவீரன்.

பயன்காரன்:
நானும் அதைத்தான் சொன்னனான் பிள்ளை. தகப்பனும் மகனும் ஒரே கணக்கு.

வடலிக்கரையான்:
ஹாஹா! 30 வருசம் கோயில் புராணப் படிப்பிலை பயன் (பாட்டுக்குப் பொருள்) சொன்ன ஆளுக்கு ஆர் எப்ப செத்தது எண்டு தெரியேல்லை. இவர் எனக்குத் திசை படிப்பிக்கிறார்!

பயன்காரன்:
தேவையில்லாத கதை வேண்டாம். தாண்டினவரோ இல்லையோ?

தொண்டைமானாற்றான்:
நான் இந்தக் கடலில தொழில் செய்யிறவன். பாக்கு நீரிணை ஆழங்குறைஞ்ச கடல். அந்தப் பெரிய தூணெல்லாம் அடியில நிண்டா எங்கட வலை ஒரு நாளாவது சிக்கியிருக்காதோ? வலையைக் கிழிக்கிறது சூரன்ர தூணில்லை, அங்கால இருந்து வாற இழுவைப்படகு. அதுக்கு ஒருத்தரும் படம் போடுறேல்லை.

கனடாக் குளிர்:
இதுதான் இண்டைக்கு இங்கை எழுதினதில உருப்படியான கதை.

பயன்காரன்:
இழுவைப்படகை வேற இடத்தில கதையுங்கோ. இது புராணம்.

வடலிக்கரையான்:
தாண்டினவர், சரி. தாண்டினது இப்ப நாங்கள் இருக்கிற இலங்கையைத்தான் எண்டு ஆர் கண்டது? அந்த இலங்கையைத்தான் வீரவாகு கடலுக்குள்ள அமத்திப்போட்டாரே! அப்ப நாங்கள் இப்ப எதுக்கு மேல இருக்கிறம்? நல்லூரிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறது எந்த இலங்கையிலை? எல்லாத்தையும் தெற்குக்கே தூக்கிக் குடுங்கோ. எங்களுக்கு ஒரு ஊரும் மிஞ்சக் கூடாது.

பயன்காரன்:
ஐயோ, ஆரும் அசுரன்ர ஊருக்கு உறுதி எழுதக் கேப்பினமோ? "எங்கட மண்ணிலதான் சூரன் இருந்தவன்" எண்டா உமக்கு என்ன பெருமை? நாங்கள் ஆரின்ர பக்கம்?

வடலிக்கரையான்:
சூரன் எண்டா லேசான ஆளோ? 108 யுகம் ஆண்டவன், 1,008 அண்டத்துக்கு ராசா. வரம் குடுத்தது சிவபெருமான். ஊரைக் கட்டினது தேவதச்சன். கடைசியில கடலுக்குள்ள மாமரமா நிண்டவனை வேல் ரெண்டாப் பிளக்க, மயிலும் சேவலுமாப் போய் முருகனோடையே நிக்கிறான். நீங்கள் கும்பிடேக்கை அந்த மயிலையும் சேர்த்துத்தானே கும்பிடுறியள்?

மருதடியாள்:
இது நல்ல கேள்வி, ஆனா இதுக்கும் கீரிமலைக்கும் என்ன சம்பந்தம்?

பயன்காரன்:
அவருக்குச் சூரனில பாசம் வாறது ஏனெண்டு எனக்குத் தெரியும். ஊர்க் கந்தசட்டிச் சூரன்போரிலை சூரன்ர உருவத்தைத் தோளில காவக் கேட்டவர், குடுக்கேல்லை. அந்தக் கோவம்தான் இப்ப கடலுக்குள்ள ஊராக் கிளம்பியிருக்கு.

வடலிக்கரையான்:
அதை ஏன் இங்கை இழுக்கிறியள்? இழுத்தாச்சு, நானும் சொல்லுறன். சிங்கமுகன் தலை மாத்தேக்கை சூரன் சரிஞ்சு விழப் பார்த்தது. அப்ப ஓடிவந்து தோள் குடுத்தது ஆர்? நான். அடுத்த வருசம் "திருவிழாச் செலவு ஏற்கிற உபயகாரற்றை பெடியள்தான் காவலாம்" எண்டு சொல்லிப்போட்டினம். அந்தக் கூட்டத்தில நீங்களும் வாயைத் திறக்கேல்லை.

கனடாக் குளிர்:
சரிதான், யுத்த காண்டம் தொடங்கியாச்சு.

பயன்காரன்:
உமக்கு என்ன இளிப்பு? அந்த முடிவு நிருவாகம் எடுத்தது, நான் எடுக்கேல்லை. எனக்குப் படிப்பு மட்டும்தான். அதுசரி, "திகட சக்கரம்" எண்டு முதல் பாட்டிலேயே சொல் பிழை எண்டு அரங்கேற்றத்திலை சபை மறிக்க, கச்சியப்பர் பக்கம் வீரசோழியம் எண்ட இலக்கண நூலிலை இருந்து விதி வந்து நிண்டதாம். அப்பிடி ஒரு ஆதாரம் உம்மட்டை இருக்கோ? ஆர் எடுத்த படம் எண்டெண்டாலும் சொல்லும்.

வடலிக்கரையான்:
படம் எனக்கு வந்தது. வந்ததைப் போட்டன்.

பயன்காரன்:
அதுதானே. வாற வெள்ளி பின்னேரம் கோயிலிலை கடல்பாய் படலம் படிப்பு. வந்து முன்னுக்கு இருந்து கேளும், தாண்டினவரோ இல்லையோ எண்டு.

வடலிக்கரையான்:
அந்தக் கோயில் வாசலை நான் மிதிச்சு 3 வருசம் ஐயா. படம் அழிக்க மாட்டன்.